பெற்றவர்களுக்கு ஓர் இடம்

திருமுல்லைவாயில் என்றதும் சைவ அன்பர்களுக்கு ஒரு முல்லைக் கொடியும், ஒரு யானையும், ஓர் அரசனும் நினைவுக்கு வருவார்கள். தொண்டைமான் படையெடுத்து வந்தானாம். அவன் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கிக்கொண்டதாம். கொடியை வாளால் வெட்டினான். அடியிலிருந்து ரத்தம் பீறிட்டது. அங்கே லிங்கம் இருந்தது. மாசிலாமணீசுவரர் கோயில் அப்படி எழுந்தது என்பது தலபுராணம். வெட்டுண்ட திருமேனிக்கு இன்றைக்கும் சந்தனக் காப்பு உண்டு. வருஷத்தில் ஒரு நாள், சித்திரைச் சதயத்தின்போது மட்டுமே அதைக் களைகிறார்கள். அரசனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலத்தில் நந்தி இங்கே சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்தி இல்லாதவர்களுக்கோ திருமுல்லைவாயில் என்பது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே மின்சார ரயில் அரை நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற ஒரு நிலையம். இந்த இரண்டாவது திருமுல்லைவாயிலில்தான் நான் குடியிருக்கிறேன்.

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை அடுத்த வீட்டுக்காரர் வந்து திண்ணையோரத்தில் நின்றார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பிடிக்கிறவர். எண்ணெய்க் கறையை எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம்.

"சார், பொண்ணுக்குப் பட்டம் குடுக்கறாங்களாம். என்னென்ன செய்யணும்னு இதுல இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அவ சொல்றா, ஆனா அவசரத்துல சொல்றா. நீங்க படிச்சவங்க. கொஞ்சம் நிதானமா சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் காலம் தள்ளியவன். இன்டர்மீடியட் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே, அந்த அளவுப் படிப்பு. பட்டமளிப்பு விழா என்ற ஒன்றை என் கதாநாயகர்கள் இருவருக்கு நடத்தி வைத்திருக்கிறேனே தவிர, நான் கண்ணால் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். "பரவால்ல சார், படிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர்.

காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் இருந்தன. மேலங்கியை முன்தினமே பெற்றுக்கொள்ள வேண்டும். விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆசனத்தில் அமர வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கடைசிக் கட்டளைதான் விவகாரமானது: பட்டம் பெறுகிறவருடன் ஒருவருக்கு மட்டுமே அனுமதிச் சீட்டு.

"ஒருத்தருக்குன்னா?" என்று கேட்டார்.

"ஒருவருக்குத்தான். அப்பாவோ அம்மாவோ."

அவர் பேசாமல் காகிதத்தை வாங்கி மறுபடியும் நான்காக மடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒரு மாதம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இதே பேச்சு. அந்த அம்மாள் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. "செருப்பை வெளியில விடணுமா அண்ணே? தேங்காய் பழத் தட்டு கொண்டு போகணுமா? பட்டுப் புடவை கட்டினா மத்தவங்க ஏதாவது நெனைப்பாங்களா?" அவளுக்குத் தெரிந்த பெரிய சடங்குகள் எல்லாம் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நடந்தவை. அங்கெல்லாம் பெற்றவர்களுக்கு என்று ஒரு வேலை உண்டு. தாரை வார்க்கிறார்கள், ஆசீர்வாதம் செய்கிறார்கள். இங்கே தன் வேலை என்ன என்றுதான் அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதற்காகவே நான் பழைய புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

*

முதலில் 'பட்டம்' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் முன்னோருக்குப் பட்டம் என்பது படிப்புச் சம்பந்தமானதே அல்ல. நெற்றியில் கட்டுகிற பொன் தகடு அது. அரசனுக்குக் கட்டினால் பட்டாபிஷேகம். ராணிக்குக் கட்டினால் பட்டத்தரசி. யானைக்குக் கட்டினால் பட்டத்து யானை. தமிழ் வேந்தர்கள் படைத்தலைவனுக்கு ஏனாதி என்றும், வணிகனுக்கு எட்டி என்றும், அமைச்சனுக்குக் காவிதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். ஏனாதிக்கு மோதிரமும் எட்டிக்குப் பொற்பூவும் அடையாளம். ஆக, பட்டம் கொடுக்கிறவன் அரசன். வாங்குகிறவன் அவனுக்கு வேண்டியவன்.

படிப்பு முடிந்ததற்கான சடங்கு வடமொழி மரபில் வேறாக இருந்தது. குருகுலவாசம் முடிந்ததும் மாணவன் நீராடுவான். அதற்கு சமாவர்த்தனம் என்று பெயர். நீராடியவன் ஸ்நாதகன். இன்றைக்கும் ஹிந்தியில் பட்டதாரிக்கு 'ஸ்நாதக்' என்றுதான் சொல்கிறார்கள். விடைபெறும் சீடனுக்கு குரு சொல்லும் அறிவுரை தைத்திரீய உபநிஷதத்தில் வருகிறது. உண்மை பேசு என்று தொடங்கி, தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. பெற்றவர்கள் அந்தச் சடங்கில் நேரே கலந்துகொள்ளாவிட்டாலும், குருவின் வாயில் அவர்கள் பேச்சு வந்துவிட்டது. கறுப்பு அங்கி போட்ட சடங்கில் அதுவும் இல்லை.

அந்தக் கறுப்பு அங்கி எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் பழைய சர்வகலாசாலைகளில் படித்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள், அல்லது பாதிரிமார்கள் ஆகப் போகிறவர்கள். அவர்கள் உடை நீண்ட அங்கி. கல் கட்டடங்களில் குளிர் தாங்காது. ஆகையால் அங்கி தடிப்பாக இருந்தது, தலைக்கு முக்காடும் இருந்தது. அந்த முக்காடு பிற்காலத்தில் தலையை விட்டு இறங்கி, முதுகில் வண்ணப் பட்டாகத் தொங்கத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டின் குளிருக்குத் தைத்த துணியைச் சென்னப்பட்டணத்து வெயிலில் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வியர்த்திருக்கிறார்கள். 2010-இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயராம் ரமேஷ் மேடையிலேயே தம் அங்கியைக் கழற்றினார். 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கைத்தறித் துணியில் விழா உடையைத் தைக்கலாமே என்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. தாகூரின் சாந்திநிகேதனம் இந்தத் தொல்லைக்கே இடம் வைக்கவில்லை. அங்கே பட்டம் பெறுகிறவர் கையில் ஏழிலைப் பாலை மரத்தின் இலைக் கொத்தைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது.

இதை நான் சொன்னபோது லேத்காரர் யோசனையோடு, "அங்கி நல்லதுதான் சார். உள்ளே என்ன சட்டை போட்டிருக்கான்னு தெரியாது. எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணாத் தெரியும்" என்றார். இந்த நியாயம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

*

சென்னை ராஜதானியில் பெரிய படிப்பு வேண்டும் என்று கேட்டது சர்க்கார் அல்ல, ஜனங்கள். 1839-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி, எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன், கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் சமர்ப்பித்தார். அந்த எழுபதினாயிரம் பேரில் பெரும்பாலோர் தங்களுக்குப் படிப்பு வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் வயது அதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்காகத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நம் நாட்டுப் பட்டங்களின் சரித்திரத்தில் பெற்றவர்கள் முதன்முதலில் தலைகாட்டுவது அந்த விண்ணப்பத்தில்தான் என்பது என் எண்ணம்.

1841-இல் ஓர் உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. அதுவே பிற்பாடு மாநிலக் கல்லூரி ஆயிற்று. பல்கலைக்கழகம் வர 1857 ஆயிற்று. வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே வருஷத்தில், ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5-ஆம் தேதி சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டவை அவை. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை பரீட்சை நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான். ஆகவே பரீட்சை மண்டபத்துக்கும் பட்டமளிப்பு மண்டபத்துக்கும் இருந்த மகிமை வகுப்பறைக்கு இல்லாமல் போயிற்று. கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நிற்கிற செனட் ஹவுஸை சிஷோம் என்ற சிற்பி 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்தார். நான்கு மூலையிலும் கோபுரம், உள்ளே வண்ணக் கண்ணாடி. இந்தப் பக்கம் பார்த்தால் மசூதி போல, அந்தப் பக்கம் பார்த்தால் அரண்மனை போல. அதன் படிகளில் ஏறி, பட்டத்தோடு இறங்குவது ஒரு தலைமுறையின் கனவாக இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் தெரியுமா? இருவருமே சென்னைவாசிகள் அல்லர். யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கி 1855-இல் மூடிவிட்ட அந்தப் பள்ளி, மூடிய பிறகும் சென்னைக்கு இரண்டு முதல் பட்டதாரிகளைக் கொடுத்தது. வயதில் மூத்தவரான விசுவநாத பிள்ளை, தாமோதரம் பிள்ளைக்கு ஆசிரியராகவும் இருந்தவர். குருவும் சீடனும் சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள்.

தாமோதரம் பிள்ளை பிற்பாடு செய்த காரியம் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். செல்லரித்த ஏடுகளைத் தேடி 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலப் பரீட்சையில் பட்டம் வாங்கியவர் அந்தப் பட்டத்தைத் தமிழுக்குச் சந்தனமாக அரைத்துக் கொடுத்தார் என்று சொல்லலாம். அவருடைய பெயருக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். 'சி' என்பது சிறுப்பிட்டி. அவர் பிறந்த கிராமம். 'வை' என்பது வைரவநாதர், அவர் தகப்பனார். மகனுக்கு முதன்முதலில் தமிழ் கற்பித்தவரும் அந்தத் தகப்பனார்தான். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலில் பட்டம் கொடுத்தபோது ஒரு கிராமத்தையும் ஒரு தந்தையையும் சேர்த்தே கூப்பிட்டது.

இதைச் சொன்ன அன்று லேத்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான், "அவங்க அம்மா பேரு என்ன அண்ணே?" என்று கேட்டாள்.

"பெருந்தேவி அம்மாள்" என்றேன்.

"அது பேருல இல்லியா?"

"இல்லை அம்மா. அந்த வழக்கம் இல்லை."

"அதானே" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்கத்தாவில் 1883-இலேயே காதம்பினி, சந்திரமுகி என்ற இரண்டு பெண்கள் பி.ஏ. பட்டம் பெற்றுவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒப்புக்கொண்டது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல். அங்கியைத் தைத்தவர்களைவிட நாம் அந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டோம். ஆனால் அந்தப் பெருமையைச் சர்க்காருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முழுவதும் கொடுத்துவிட முடியாது. பின்னால் நின்ற அப்பா அம்மாக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

1886-ஆம் வருஷத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று சென்னையில், சுப்பலட்சுமி. ஒன்று புதுக்கோட்டையில், முத்துலட்சுமி. சுப்பலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே வைதவ்யம். அந்தக் காலத்தில் அந்தக் குழந்தையின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்து, விசேஷ நாட்களில் கண்ணில் படாமல் ஒளித்திருப்பார்கள். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் அதற்கு இசையவில்லை. சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் உத்தியோகம் பார்த்த அவர், மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். தாய் விசாலாட்சியும், தானும் இளம் விதவையான சித்தியும் துணை நின்றார்கள். உறவினரும் அண்டை அயலாரும் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஆர். எஸ். சுப்பலட்சுமி பட்டம் பெற்றார். மறு வருஷமே விதவைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கிவிட்டார். பிற்பாடு அந்த இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. செனட் ஹவுஸிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

புதுக்கோட்டை முத்துலட்சுமியின் தகப்பனார் நாராயணசாமி ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்ப்பதா என்று மற்றப் பையன்களைப் பெற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். மகாராஜா தொண்டைமான் சேர்க்கச் சொல்லிவிட்டார். இவர் முல்லைக் கொடியை வெட்டிய தொண்டைமான் அல்ல, வேறு வம்சம். ஆனாலும் வழியை மறித்துக்கொண்டிருந்த ஒரு கொடியை இவரும் வெட்டினார் என்றே சொல்ல வேண்டும். 1912-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார்.

ஒரு பக்கம் பெற்றவர்கள் மகளை அனுப்புகிறார்கள். மறுபக்கம் பெற்றவர்களே வாசலில் நின்று மறிக்கிறார்கள். சரித்திரத்தில் இரண்டு வகையாரும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

*

மகன் பட்டம் வாங்கியதைப் பார்க்கக் கொடுத்து வைக்காத பெற்றோரும் உண்டு. கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையான சீனிவாச ஐயங்காருக்கும் கோமளத்தம்மாளுக்கும் பிறந்த ராமானுஜன், கணிதம் தவிர வேறெதையும் படிக்க மாட்டேன் என்று எப்.ஏ. பரீட்சையில் மீண்டும் மீண்டும் தவறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுக்க வழியில்லை. ஆனால் 1913-இல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. விதியைக் கொஞ்சம் தளர்த்திச் செய்த அந்த ஒரு காரியத்துக்காகவே அதைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1914-இல் அவர் கப்பல் ஏறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் வழங்கியது. பெற்றவர்கள் ஆறாயிரம் மைலுக்கு இப்பால் இருந்தார்கள். 1919-இல் திரும்பி வந்தவர் 1920 ஏப்ரலில் மறைந்துவிட்டார்.

பட்டமே இல்லாமல் பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னவரும் நம்மிடையே இருந்தார். உ. வே. சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். 1880 முதல் கும்பகோணத்திலும், 1903 முதல் சென்னையிலும் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துத் தன்னைக் கௌரவித்துக்கொண்டது. என்னைப் போல் பாதியில் நின்றவர்கள் இம்மாதிரி சரித்திரங்களை விரும்பிப் படிக்கிறோம். அதில் கொஞ்சம் சுயநலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாமிநாதையருக்கு ஏடுகள் இருந்தன. ராமானுஜனுக்கு எண்கள் இருந்தன. மற்றவர்களுக்குப் பரீட்சைதான் வழி.

அந்த வழி எங்கள் பக்கத்துக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. நெல் வயல்கள் பட்டறைகளாயின. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் கையில் தொழில் இருந்தது; பட்டம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்குக் கறுப்பு அங்கி போடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்குத் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணச் சலுகை என்று தமிழக அரசு 2010-இல் அறிவித்தது. 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழே உண்டாயிற்று. விசித்திரமான சான்றிதழ் அது. 'எங்கள் வீட்டில் இதுவரை யாரும் படிக்கவில்லை' என்று ஒரு குடும்பம் சர்க்கார் முத்திரையோடு எழுதி வாங்கி, அதைப் பெருமையாகப் பத்திரப்படுத்துகிறது.

*

இனி எங்கள் பிரச்னைக்கு வருகிறேன். உள்ளே போவது யார்?

"நீங்கதான் பணம் கட்டினீங்க, நீங்க போங்க" என்று அவள் சொன்னாள். "காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நாலு வருஷம் சோறு கட்டினது நீ, நீ போ" என்று அவர் சொன்னார். மகள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நான் சொல்ல மாட்டேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். புத்திசாலிப் பெண். என்னைக் கேட்டார்கள். கதையில் என்றால் எப்படியாவது இன்னொரு சீட்டு வரவழைத்திருப்பேன். வாழ்க்கையில் எனக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

கடைசியில் அந்த அம்மாள் ஒரு பௌர்ணமியன்று கொடியிடை அம்மன் சந்நிதியில் பூப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பூ அவருக்கு, சிவப்புப் பூ அவளுக்கு. யாரோ ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது. "அம்மனே சொல்லிட்டா" என்று அவள் சந்தோஷமாகவே திரும்பி வந்தாள். அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் எடுத்துத் தைத்து வாங்கிவிட்டாள்.

விழா நாளன்று காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து நால்வருமாகச் சென்ட்ரலில் இறங்கி, பஸ் ஏறிப் போனோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மண்டபம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எல்லா மண்டப வாசல்களும் அன்றைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். மேலங்கி விற்பனைக் கடை போல ஆயிரம் பிள்ளைகள். அவர்களைச் சுற்றி, எங்கே நிற்பது என்று தெரியாத இரண்டாயிரம் பெற்றோர்கள்.

மகள் பட்டதாரிகளின் வரிசைக்குப் போய்விட்டாள். வாசலில் காவலாளி சீட்டைக் கேட்டபோது, லேத்காரர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"என்னங்க இது? பூ உங்களுக்குத்தானே வந்துச்சு?"

"எனக்கு வந்ததை நான் யாருக்குக் குடுத்தா என்ன? போ."

"அம்மன் சொன்னதை மாத்தக் கூடாதுங்க."

"நான் ஏற்கெனவே உள்ளதான் இருக்கேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் சொன்னீங்க, அந்த யாழ்ப்பாணத்துக்காரர் கதை. இவ பேருக்கு முன்னால என் எழுத்து இருக்கு. மைக்குல அதைத்தான் முதல்ல படிப்பாங்க. இவளுக்கு ஒரு எழுத்துகூட இல்லியே. ஆளாவது போகட்டுமே."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் உள்ளே போனாள். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தயங்கி, மற்றவர்களைப் பார்த்துவிட்டு, போட்டபடியே போனாள்.

நாங்கள் இருவரும் எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்தோம். விழாவைக் கைப்பேசியில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் படம் ஓடவில்லை. ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வப்போது உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. எது யாருக்கு என்று தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்து, கையிலிருந்த சீப்பில் ஒரு வாழைப்பழத்தைப் பிய்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

பிற்பகல் ஒரு மணிக்குத் தாயும் மகளும் வெளியே வந்தார்கள். மகள் வியர்வையில் குளித்திருந்தாள். ஸ்நாதகம்தான்.

"பேரைப் படிச்சாங்களா?" என்று கேட்டார்.

"படிச்சாங்க."

"எழுத்தோடயா?"

"எழுத்தோடதான். தெளிவா, நிறுத்திப் படிச்சாங்க. அவ நடந்து போய் வாங்கறதுக்குள்ள அடுத்த பேரு வந்துடுச்சு" என்றாள் அவள். பிறகு சற்றுத் தயங்கி, "என் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. 'யாரு, உங்க பொண்ணா'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்" என்றாள்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். செனட் ஹவுஸைச் சாலைக்கு இப்பாலிருந்து காட்டினேன். நான்கு கோபுரங்களிலும் சாயங்கால வெயில் பட்டுக்கொண்டிருந்தது. லேத்காரர் அதை வெகு நேரம் பார்த்தார். கட்டட வேலையைத்தான் பார்த்தாரென்று நினைக்கிறேன். கும்மட்டத்தின் வளைவைக் காட்டி, "இதைக் கையாலேயே செஞ்சிருக்காங்க சார்" என்றார்.

அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நான்கு இலையாகப் பங்கு வைத்தாள். முதல் இலையை மகளுக்குக் கொடுக்கப் போனவள், கையை மாற்றி அவருக்குக் கொடுத்தாள்.